குமரியிலிருந்து ஸ்ரீநகர்வரை காரில்: எந்த வழி, எந்த மாதம்?

கன்னியாகுமரியில் கிளம்பி ஸ்ரீநகரில் போய் நிற்க வேண்டும் என்று மேப்பில் தட்டினால், அது என்.எச். 44-ஐக் காட்டும். தூரம் சுமார் 3,700 கிலோமீட்டர் வரும். பெரும்பாலானவர்கள் அதோடு வழியை முடிவு செய்துவிட்டு, லீவு எப்போது கிடைக்கும் என்று பார்க்கப் போய்விடுகிறார்கள். வரிசை தலைகீழ். டெல்லிவரை போக நான்கு வழிகள் உண்டு, எதில் போனாலும் போய்ச் சேரலாம். ஜம்முவுக்கு அப்பால் நடைமுறையில் ஒரே வழி, அதுவும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. ஆகவே அந்தக் கடைசித் துண்டுக்கு ஏற்ற மாதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த மாதத்துக்கு எந்த வழி பொருந்தும் என்று பார்ப்பதுதான் சரி.

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர்

சுமார் 260 கிலோமீட்டர். உதம்பூரைத் தாண்டியதும் செனானி–நாஷ்ரி சுரங்கம், 9 கிலோமீட்டருக்கு மேல். 2017-இல் திறந்தார்கள். பட்னிடாப் மலை ஏறி இறங்கும் வேலை அதோடு போயிற்று. பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே எட்டரைக் கிலோமீட்டர் சுரங்கம் 2021-இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ராம்பன்–பனிஹால் பகுதிதான் தொல்லை. செனாப் பள்ளத்தாக்கின் உதிரிப் பாறைச் சரிவுகளை வெட்டிப் போட்ட சாலை அது. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் மண்ணும் கல்லும் இறங்கிவிடும். வெயில் அடித்த பிறகும் கல் உருளும், ஏனென்றால் உள்ளே ஊறிய தண்ணீர் வடியச் சில நாள் ஆகும்.

2025 ஆகஸ்ட் கடைசியில் பெய்த பேய்மழையில் உதம்பூர் அருகே மலையே சரிந்து சாலையை மூடியது. வாரக்கணக்கில் போக்குவரத்து சீராகவில்லை. அறுவடை நேரத்தில் ஆப்பிள் லாரிகள் வரிசையில் நின்றே சரக்கு அழுகியது. ஜூலை, ஆகஸ்டில் மழை என்றால், அமர்நாத் யாத்திரையும் அதே நாள்களில்தான். யாத்திரை வண்டிகள் பாதுகாப்புடன் கூட்டமாகப் போகும் நேரத்தில் மற்ற வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பனி. மார்ச்சில் பனி உருகலும் மழையும் சேர்ந்தால் மறுபடி சரிவு.

மிஞ்சுவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஒரு வாய்ப்பு, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை இன்னொன்று. முதல் வாய்ப்பில் காஷ்மீர் அருமையாக இருக்கும், ஆனால் அங்கே போக நாக்பூரையும் ஜான்சியையும் 45 டிகிரியில் கடக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அக்டோபர் முதல் வாரம்தான் எங்கள் தேர்வு. மேற்கே மழை ஓய்ந்திருக்கும், வடக்கே மூடுபனி தொடங்கியிருக்காது, சினார் மரங்கள் நிறம் மாறத் தொடங்கும்.

ஜம்முவில் ஒரு ராத்திரி தங்கி, காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும். ஜம்மு-காஷ்மீர் போக்குவரத்துப் போலீஸ் மறுநாளுக்கான அறிவிப்பை முந்தின நாள் வெளியிடுவார்கள். எந்தப் பக்கம் கனரக வண்டிகளை விடுகிறார்கள், கார்களுக்கு எத்தனை மணிவரை அனுமதி என்று அதில் இருக்கும். சாலை மூடியிருந்தால் பலரும் முகல் சாலையைப் பற்றிக் கேட்பார்கள். பூஞ்ச் பக்கம் சுற்றி பீர் கி கலி கணவாய் வழியாக ஷோபியானில் இறங்கும் அந்தச் சாலை கோடையில் மட்டும் உதவும், அதிலும் ஒருநாள் கூடுதலாகப் போகும். இப்போது அதைவிட நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, மூன்று மணி நேரம்தான். காரைக் கட்ராவில் நல்ல ஓட்டலில் நிறுத்திவிட்டு ரயிலேறிவிடலாம். குமரியிலிருந்து வந்தவர்களுக்கு 'கார் ஸ்ரீநகருக்குள் போகவில்லையே' என்ற குறை இருக்கத்தான் செய்யும். ராம்பனில் காருக்குள்ளேயே விடிய விடியக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

நேர் வழி: என்.எச். 44

டெல்லிப் பக்கம்வரை சுமார் 2,750 கிலோமீட்டர். நான்கில் குறைந்த தூரம் இதுதான், தங்கும் ஊர்களைச் சரியாகப் பிடித்தால் எட்டாவது நாள் ஸ்ரீநகர். நாளுக்கு 450 முதல் 600 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசின் உச்ச வரம்பு மணிக்கு 100. மாநிலங்கள் பல இடங்களில் அதைக் குறைத்திருக்கின்றன. நிறுத்தங்கள், டோல்கேட், ஊர் நெரிசல் எல்லாம் கழித்தால் சராசரி 55, 60-தான் நிற்கும். 'மணிக்கு நூறு, பத்து மணி நேரம், ஆயிரம் கிலோமீட்டர்' என்று போடும் கணக்கு இரண்டாம் நாள் மதியமே உடைந்துவிடும். பிறகு இருட்டில் ஓட்ட வேண்டி வரும்.

முதல் நாள் கிருஷ்ணகிரி, சுமார் 590. ஓசூர்வரை இழுக்கத் தோன்றும். மாலையில் பெங்களூருவை நெருங்கி லாபம் எதுவும் இல்லை. மறுநாள் விடியுமுன் கிளம்பி, சில்க் போர்டையும் ஹெப்பாளையும் ஏழு மணிக்குள் தாண்டிவிட வேண்டும். நேரம் தவறினால் ஓசூர் பக்கமிருந்து ஹொசகோட்டேக்கு விலகி, அங்கிருந்து தேவனஹள்ளி போகும் வெளிவட்டச் சாலையைப் பிடித்து மறுபடி 44-இல் ஏறலாம். சென்னை, வேலூர்க்காரர்கள் பெங்களூரு பக்கமே போக வேண்டாம். ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், கடப்பா, நந்தியால் வழியாக என்.எச். 40 நேராகக் கர்னூலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டாம் இரவு கர்னூல். மூன்றாம் நாள் ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றிக் கடக்க வேண்டும்: சம்ஷாபாத்தில் ஏறி மேட்சல் பக்கம் இறங்குவது. ஊருக்குள் போனால் இரண்டு மணி நேரம் காணாமல் போகும். அன்று அதிலாபாத்தில் தங்கலாம். அரிசிச் சாப்பாட்டுக்காரர்கள் அங்கேயே ஆசைதீரச் சாப்பிட்டுக்கொள்வது நல்லது. அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்கு ரொட்டியும் பருப்பும்தான் நம்பகமானவை.

நான்காம் நாள் நாக்பூரைத் தாண்டிப் பென்ச் புலிக்காட்டு ஓரமாகச் சிவனி போகிறது சாலை. விலங்குகள் கீழே கடந்துபோகச் சாலையையே தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்க நிற்பவர்கள் பின்னால் வரும் லாரிக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். சிவனி, லக்னாதோன், நரசிங்பூர், சாகர், லலித்பூர், ஜான்சி என்று போகும் இந்தப் பகுதிதான் 44-இன் சோதனை. சாலை நன்றாகத்தான் இருக்கும். பிரச்சினையே அதுதான். ஆளரவம் இல்லாத நேர்ச்சாலை, காடு, வெயில் மூன்றும் சேர்ந்து கண்ணைச் செருகவைக்கும். மாடுகள் சாலை நடுவில் படுத்திருக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம், தார் மட்டுமே காய்ந்திருப்பதால். தாபாவுக்குப் போக டிராக்டர்கள் எதிர்த்திசையில் வரும், பின்விளக்கோ மினுங்கும் பட்டையோ இருக்காது. இந்தத் துண்டில் பொழுது சாய்ந்த பிறகு ஓட்டக் கூடாது. நரசிங்பூரில் தங்கிவிட்டால் மறுநாள் ஜான்சி, குவாலியர், சம்பல் பாலம் தாண்டி ஆக்ராவுக்கு வெளிச்சத்திலேயே வந்துவிடலாம். பெரிய சர்வீஸ் சென்டர்கள் நாக்பூரை விட்டால் ஜான்சி, குவாலியரில்தான். காரில் ஏதாவது சத்தம் கேட்டால் நாக்பூரிலேயே காட்டிவிடுங்கள்.

ஆறாம் நாள் டெல்லிக்குள் நுழையவே வேண்டாம். ஆக்ரா, மதுரா தாண்டிப் பல்வலில் கிழக்குப் புறவழி விரைவுச்சாலை பிரிகிறது. 135 கிலோமீட்டரில் குண்ட்லியில் இறக்கிவிடும், அங்கிருந்து பானிபட், கர்னால், அம்பாலா. நெரிசலுக்காக மட்டும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் காற்று மாசுக் கட்டுப்பாடுகள் மூன்றாம் கட்டத்தைத் தொட்டால் டெல்லியிலும் குருகிராம், நொய்டா போன்ற அக்கம்பக்க மாவட்டங்களிலும் பழைய புகை விதிகளின்படி செய்த பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களுக்குத் தடை விழும். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி பற்றிய உத்தரவுகளும் நீதிமன்றத்துக்குப் போய்ப் போய் மாறிக்கொண்டே இருக்கின்றன. புறவழிச் சாலையும் தலைநகர் வட்டாரத்துக்குள்தான் ஓடுகிறது என்பதால், பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கிளம்பும் வாரத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்பாலாவுக்கு வடக்கே சாலை நல்லது. ஆனால் இந்தப் பகுதி வானிலைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களுக்கும் அடைபடும். ஹரியானா–பஞ்சாப் எல்லையான ஷம்புவில் 2024 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தின்போது மூடிய 44, 2025 மார்ச்சில்தான் திறந்தது. ஆகவே லூதியானாவுக்குச் சுற்றிப்போக ஒரு மாற்று வழியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

மேற்கு வழி: என்.எச். 48

பெங்களூருவரை அதே சாலை. ஓசூர் சாலையிலிருந்து நைஸ் சாலையில் ஏறினால் நகருக்குள் போகாமலே தும்கூர் சாலையில் இறங்கிவிடலாம். பிறகு சித்ரதுர்கா, ஹுப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே, மும்பை ஓரம், சூரத், வதோதரா, அகமதாபாத், உதய்ப்பூர், அஜ்மீர், ஜெய்ப்பூர், டெல்லி. மொத்தம் 3,100 கிலோமீட்டருக்கு மேல், நேர் வழியைவிடச் சுமார் 350 கூடுதல். மேப் இதை ஒருநாள் கூடுதல் என்று காட்டும். நடைமுறையில் இரண்டு நாள்.

அந்த இரண்டாவது நாளைத் தின்பது புனேயிலிருந்து வதோதராவரையிலான பகுதி. சதாரா–புனே இடையே கம்பட்கி மலைப்பாதை, புனேக்குள் நுழையும் இடத்தில் நவலே பாலத்து இறக்கம். இரண்டிலும் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகளை நசுக்கிய விபத்துகள் பல. இறக்கத்தில் லாரிக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கக் கூடாது. நமக்குப் பழக்கமான உதாரணம் தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது அதே ஆபத்துதான், அதே எச்சரிக்கைதான். மும்பையைத் தொடாமல் போக நினைத்தாலும் தானே, கோட்பந்தர் சாலை நெரிசலில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வீர்கள். அதைத் தாண்டினால் வாபி, சூரத், பரூச் என்று தொழிற்சாலை ஊர்களின் லாரிக் கடல். ஜூன் முதல் செப்டம்பர்வரை இந்தப் பகுதியில் வெள்ளமும் குழிகளும் சேர்ந்துகொள்ளும். கோலாப்பூர், சதாராவில் நவம்பர் முதல் மார்ச்வரை கரும்பு ஏற்றிய இரட்டை டிரெய்லர் டிராக்டர்கள் இருட்டில் வரும்.

இவ்வளவு சொல்லியும் இந்த வழியைத் தள்ளிவிட முடியாது. 150, 200 கிலோமீட்டருக்கு ஒரு பெரிய ஊர் வரும். ஆஸ்பத்திரி, டயர் கடை, சர்வீஸ் சென்டர், குடும்பத்தோடு தங்க நல்ல ஓட்டல் எல்லாம் கிடைக்கும். வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் காரில் இருந்தால் இது பெரிய விஷயம். பார்க்கவும் இடம் அதிகம்: ஹம்பிக்கு ஒரு விலகல், கோலாப்பூர், உதய்ப்பூர், சித்தோர்கர் கோட்டை. அகமதாபாத்துக்கு வடக்கே ராஜஸ்தான் சாலைகளில் ஓட்டுவது சுகம். டெல்லியைத் தவிர்க்க மானேசரிலிருந்து மேற்குப் புறவழிச் சாலையில் ஏறினால் அதே குண்ட்லி வரும்.

மும்பை நெரிசலும் வேண்டாம், மத்தியப் பிரதேசக் காடும் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது, லாரி டிரைவர்கள் நன்றாக அறிந்தது. சித்ரதுர்காவில் பிரிந்து என்.எச். 50-இல் விஜயபுரா, அங்கிருந்து என்.எச். 52-இல் சோலாப்பூர், பீட், சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய ஔரங்காபாத்), துலே, இந்தூர், கோட்டா, ஜெய்ப்பூர். எல்லோராவும் விஜயபுராவின் கோல்கும்பஸ் சமாதி மண்டபமும் வழியிலேயே வந்துவிடும். சம்பாஜிநகருக்கும் துலேவுக்கும் இடையிலுள்ள கன்னட் மலைப்பாதை மட்டும் குறுகல், காலையில் கடப்பது நல்லது. தங்க ஊர்கள் உண்டு, ஆனால் எல்லாமே இரண்டாம் தரம்.

கிழக்கு வழியை நீளமாகப் பேச வேண்டியதில்லை. சென்னை, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், கொல்கத்தா, அங்கிருந்து என்.எச். 19-இல் வாரணாசி, கான்பூர், ஆக்ரா. குமரியிலிருந்து கணக்குப் போட்டால் நேர் வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். அக்டோபர், நவம்பரில் ஆந்திர, ஒடிசா கரைக்குப் புயல் அபாயம், பிகாரில் மணல் லாரிகள். கொனார்க்கும் காசியும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அது தனிப் பயணம். ஸ்ரீநகருக்குப் போகும் வழியாக அதை எண்ணக் கூடாது.

எது யாருக்கு

நேரம் மூன்று வாரத்துக்குக் குறைவு, ஓட்ட இரண்டு பேர், கார் நல்ல நிலையில் என்றால் போகவும் வரவும் 44. மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் போகும்போது 44, திரும்பும்போது 48. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மலைச்சாலை திறந்திருக்கும்போது போய்விட வேண்டும் என்பதால் மேலே ஏறும்போது நாள் முக்கியம். இறங்கும்போது உதய்ப்பூரில் ஒருநாள் கூட இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது. அக்டோபர் கடைசியில் குஜராத், மகாராஷ்டிரச் சாலைகளின் மழைக்குழிகளும் ஓரளவு மூடப்பட்டிருக்கும். ஒரே ஆள்தான் ஓட்டுகிறார் என்றால் எந்த வழியானாலும் நாளுக்கு 400-ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு விடுமுறை போதவில்லையா, டெல்லிவரை விமானத்தில் போய் அங்கே கார் வாடகைக்கு எடுப்பது மேல். வாடகை நிறுவனத்திடம் ஜம்மு-காஷ்மீருக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பைக்கில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, மும்பை–புனே விரைவுச்சாலை, டெல்லியின் கிழக்குப் புறவழிச் சாலை, டெல்லி–மும்பை விரைவுச்சாலை எதிலும் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. ஊர்களுக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும், ஆகவே மேலே சொன்ன நாள் கணக்கோடு இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டோல், எண்ணெய், வண்டி

தேசிய நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்கு ஒரு டோல்கேட் என்பது பொது விதி. 3,700 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அறுபது, போக வர நூற்றிருபது. 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் 200 கடப்புகள் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அதுவரை செல்லும். பல டோல்கேட்களில் ஒருவழிக்கே நூறு ரூபாயைத் தாண்டும் என்பதால் போகும்போதே பணம் திரும்பிவிடும். சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். ராஜ்மார்க் யாத்ரா செயலியில் எடுக்கலாம். டேக் வண்டி எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும், சேசிஸ் எண்ணில் மட்டும் இருந்தால் பாஸ் கிடைக்காது. மாநில அரசின் சாலைகளில் இது செல்லாது: ஹைதராபாத் வெளிவட்டம், மும்பை–புனே, யமுனா விரைவுச்சாலை, மானேசர் பக்கத்து மேற்குப் புறவழி. அங்கெல்லாம் டேக்கின் சாதாரண இருப்பிலிருந்துதான் பணம் போகும். பாஸ் இருக்கிறதே என்று இருப்பைக் காலியாக விட்டால் கேட்டில் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும்.

பெட்ரோல் ஆந்திரா, தெலங்கானா, மத்தியப் பிரதேசத்தில் விலை கூடுதல், உத்தரப் பிரதேசம், ஹரியானாவில் குறைவு. மாநில வரிதான் காரணம். கர்நாடக எல்லை பாகேபள்ளியில் நிரப்பி, பிறகு மகாராஷ்டிரத்தில் நிரப்பினால் கொஞ்சம் மிச்சம். லிட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்றே வைத்தாலும் 40 லிட்டர் டேங்கில் 400 ரூபாய். அதற்காகச் சிவனிக் காட்டில் டேங்கை வற்றவிட வேண்டாம். கால் டேங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிஎன்ஜி வண்டிக்காரர்கள் நாக்பூர்–ஜான்சி இடையே பெட்ரோலில் ஓடுவதாகவே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைக் கிளம்பும் முந்தின நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் விட்டு, 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சரியாக இறுக்காத நட்டு, கசியும் ஆயில் ஃபில்டர் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டியிருந்தால், பள்ளம் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். காற்றைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது, முழுச் சுமைக்குக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். வெயிலுக்கு வெடித்துவிடும் என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. குறைந்த காற்றில்தான் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கிறது.

நம் ஊர் வண்டிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ரேடியேட்டரில் கூலன்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பல கார்களில் பெரும்பகுதி தண்ணீராகத்தான் இருக்கும். சேலத்தில் அது தெரியாது. ஸ்ரீநகரில் நவம்பர் ராத்திரிகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது உறைந்து விரிந்து, ரேடியேட்டர் கிழியும். முழுவதையும் வடித்துவிட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றச் சொல்லுங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் அதே கதைதான். நான்கு வருடமான பேட்டரி குளிரில் முதலில் கைவிடும். ஜம்பர் கேபிள், டயர் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், டியூப்லெஸ் பங்ச்சர் கிட், இரண்டு ஹெட்லைட் பல்ப், ஃபியூஸ்கள் இவ்வளவும் டிக்கியில் சாமானுக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் சட்டப்படி போதும். ஆனாலும் ஒரு நகல் கையில் இருக்கட்டும், ஏனென்றால் ஜம்மு-காஷ்மீரில் வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் வேலை செய்வதில்லை. எல்லை ஊரான லக்கன்பூர் தாண்டியதும் மேப், யுபிஐ, டிஜிலாக்கர் மூன்றும் ஒன்றாக அடங்கிவிடும். ஒரு சிம்மையாவது ஊரிலேயே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டு, ஜம்முவுக்கு வடக்கேயுள்ள மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.